எப்போதாவது ஓடும் பத்மினி: கார்புரேட்டரில் பிசின் படிவது ஏன், தடுப்பது எப்படி

எடுத்துக்கொண்ட வண்டி பிரீமியர் பத்மினி. 1089 சிசி எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் 32 பிபிஐசி கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பகுதி), கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் டயாஃப்ரம் (ரப்பர்ச் சவ்வு) பெட்ரோல் பம்ப். சென்னையில் மூடிய ஷெட்டில் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டையைச் சுற்றி ஒரு ஓட்டம், பங்க்கில் ஐந்து லிட்டர், திரும்பவும் உறை. இது ஒரே ஒரு வண்டியின் வரலாறு அல்ல. இந்த மாதிரிப் பராமரிப்பில் இருக்கும் பத்மினிகளைத் திறந்தால் திரும்பத் திரும்பக் கிடைப்பதை ஒரே வண்டியாகத் தொகுத்திருக்கிறோம். அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) நம்பர் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய பொருந்தும்.

50 வருடம் கடந்து, 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டிகளை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டவே கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்க்க விடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஆக, "நிறைய ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்ற அறிவுரை எல்லாருக்கும் பயன்படாது.

புகார்

காலையில் சோக்கை முழுக்க இழுத்தாலும் எஞ்சின் பிடிப்பதில்லை. நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் பிடிக்கும். சோக்கை உள்ளே தள்ளியதும் அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே இருந்தால் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். ஆனால் ரோட்டில் ஏறி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் பிக்கப் சுமாராக இருக்கிறது. ஓட்டி நிறுத்திய சாயங்காலம் ஷெட்டில் பெட்ரோல் வாடை, கார்புரேட்டர் மூடியின் ஓரத்தில் ஈரம்.

இந்த நிலையில் வழக்கமாக நடப்பது என்னவென்றால் பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றுவார்கள், ஐடில் ஸ்க்ரூவைத் தூக்கி வைப்பார்கள், கடைசியில் "எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வந்த வினை" என்று முடித்துவிடுவார்கள். அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வேகத்தில் இழுக்கிறது என்றால் பம்ப் வேலை செய்கிறது, வேகத்துக்கான மெயின் ஜெட்டும் ஓரளவு திறந்திருக்கிறது. ஐடில் மட்டும் செத்திருந்தால் அது ஐடிலுக்கான ஸ்லோ ஜெட்டும் அதன் பாதையும். குளிரில் பிடிக்காததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: ப்ளோட் சேம்பர் (கார்புரேட்டருக்குள் மிதவையோடு பெட்ரோல் தேங்கும் சின்ன அறை) வறண்டிருக்கிறது, அல்லது சோக்குக்கான ஸ்டார்ட்டர் ஜெட் அடைத்திருக்கிறது. வாடைக்கும் ஈரத்துக்கும் காரணம், சேம்பர் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக உட்காராதது.

பிரித்தால் கிடைப்பது

மூடியைத் தூக்கி ப்ளோட்டை எடுத்ததும் சேம்பரின் சுவரைப் பாருங்கள். படிப்படியாகக் கோடுகள் இருக்கும். பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க ஒவ்வொரு இடத்திலும் நின்று காய்ந்த தடம் அது. அடியில் தேநீர் நிறத்தில் ஒட்டும் படலம், நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். மெயின் ஜெட் ஹோல்டர் உட்காரும் மூலையில் வெள்ளைப் பொடி. பித்தளை ஜெட்களின் மரை ஓரத்தில் மெல்லிய பச்சை.

நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். மஞ்சளும் பழுப்பும் பெட்ரோலிலிருந்து வந்த பிசின். வெள்ளையும் சாம்பலுமான பொடி, கார்புரேட்டர் உடலான துத்தநாகக் கலப்பு வார்ப்பை ஈரம் அரித்ததன் அடையாளம். பச்சை, பித்தளையிலிருந்து வரும் செம்பு உப்பு. காவி நிறத் தூள் டேங்க்கின் துரு. கறுப்புத் துணுக்கு பழைய ரப்பர் ஹோஸின் உள்சுவர். ஐந்துக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. பிசினைக் கரைக்கும் ஸ்ப்ரே வெள்ளைப் பொடியை அசைக்காது, துருவை நிறுத்தாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் ஒரு மாதத்தில் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான துளை தெரிய வேண்டும். இங்கே தெரிவது ஒரு பக்கம் சப்பையான, பழுப்பு வளையம் கட்டிய புள்ளி. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தை மி.மீ.யின் நூறில் பங்காகச் சொல்வது. 50 என்றால் 0.50 மி.மீ., 125 என்றால் 1.25 மி.மீ. சுவர் முழுக்க 0.05 மி.மீ. தடிமனில் படலம் கட்டினால் 50ஆம் நம்பர் ஜெட் 40 ஆகிவிடும், பரப்பில் 36 சதவீதம் போய்விடும். அதே படலம் 125 மெயின் ஜெட்டில் கட்டினால் இழப்பு 15 சதவீதம்தான். ஐடில் முதலில் சாவதற்கும், வேகத்தில் வண்டி ஓரளவு இழுப்பதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம்.

நீடில் வால்வின் கூம்பைச் சுற்றி ஒரு பளபளப்பான பழுப்பு வளையம். காய்ந்திருக்கும்போது அது ஊசியை இருக்கையோடு ஒட்டவைத்துவிடும், சேம்பருக்குப் பெட்ரோல் இறங்காது. புதுப் பெட்ரோல் பட்டு ஊறிய பிறகு ஊசி விடுபடும், ஆனால் வளையம் முழுதாகக் கரையாததால் இறுக மூடாமல் வழிய விடும். ஸ்டார்ட் ஆகாத காலையும் வாடையடிக்கும் சாயங்காலமும் ஒரே ஊசியால் வருபவை.

பிசின் எங்கே உருவாகிறது

"டேங்க்கில் பெட்ரோல் பழசாகிவிட்டது" என்பது பாதி உண்மை. டேங்க்கில் 20 லிட்டர் இருந்தால் காற்று படும் பரப்பு அதன் அளவுக்குக் குறைவு, சூடும் குறைவு. ப்ளோட் சேம்பரில் இருப்பது சுமார் 40, 50 மில்லி. அது எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வண்டியை அணைத்ததும் தண்ணீரும் காற்றும் ஓடாமல் நிற்பதால் பானெட்டுக்குள் சூடு முதலில் ஏறத்தான் செய்யும். பெட்ரோல் ஒற்றைப் பொருள் அல்ல, ஏறக்குறைய 35 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் கொதிக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. லேசானவை முதல் மணி நேரங்களிலேயே காற்றுத் துளையான வென்ட் வழியே போய்விடும். கனமானவை மிஞ்சும். அவற்றில் இரட்டைப் பிணைப்புள்ள ஒலிஃபின் வகை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடாகி, பிறகு ஒன்றோடொன்று பின்னிப் பிசினாகும். செம்பும் பித்தளையும் இந்த வேலையைத் துரிதப்படுத்தும். ஜெட்கள் எல்லாமே பித்தளை என்பது இதில் கூடுதல் தொல்லை.

புதுப் பெட்ரோல் ஒருமுறை காய்ந்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. ஐரோப்பியத் தரம் இஎன் 228இன்படி 100 மில்லி பெட்ரோலில் பிசின் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் ஒரு சேம்பர் பெட்ரோலுக்கு 2.5 மில்லிகிராம்கூட வராது. ஆனால் சேம்பர் காய்ந்து, நிரம்பி, திரும்பக் காய்ந்துகொண்டே இருந்தால்? வாராவாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது சரியாக இதைத்தான் செய்கிறது. இந்த அளவு எஞ்சின் ஐடிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், ஐந்து நிமிடத்துக்கு 60, 80 மில்லி. அதாவது ஒன்றரை சேம்பர். காய்ந்து கெட்டியானதன் மேல் புதுப் பெட்ரோல் வந்து நிரம்புகிறது, எஞ்சின் சூடாகிறது, அணைக்கிறோம், சூட்டில் திரும்ப வற்றுகிறது. வருடத்துக்கு 52 அடுக்கு. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிப் பழக்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ஐந்து நிமிடப் பழக்கத்துக்கு நல்ல பெயர் எப்படி வந்தது என்று புரியவில்லை. பேட்டரிக்காக என்றால் செல்ஃப் அடித்ததில் செலவானதை ஐடிலில் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ ஐந்து நிமிடத்தில் திருப்பித் தராது. எஞ்சினுக்காக என்றால் ஆயில் சூடேறாததால் எரிந்ததில் உண்டான தண்ணீர் ஆவி எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலேயே தங்கி ஆயிலோடு கலக்கிறது. நிறுத்தியே வைத்திருப்பது இதைவிட மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நல்ல ஃபில்டர் போட்டால் போதும்" என்பார்கள். ஃபில்டர் துருவையும் ரப்பர்த் துணுக்கையும் பிடிக்கும், அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். பிசின் பெட்ரோலில் கரைந்து வருவது. ஃபில்டரைத் தாண்டி வந்து, காயும் இடத்தில்தான் வெளிப்படும்.

எத்தனாலின் பங்கு

இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த இ20 விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, இப்போது சாதாரண பங்க்கில் கிடைப்பதே அதுதான். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துச் சுத்தமாகப் போய்விடும், தன்னளவில் பழுப்புப் பிசினாக மாறாது. பழுப்புக் கறைக்கு அதைக் குற்றம் சொல்வது தவறு. அதன் மேல் பழி வெள்ளைப் பொடிக்கும் பச்சைக்கும்தான். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் துத்தநாக வார்ப்பையும் பித்தளையையும் அரிக்கும். டேங்க்கில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். 10 சதவீதக் கலவையில் இந்த எல்லை 15 டிகிரி சூட்டில் சுமார் 0.5 சதவீதம், 10 லிட்டருக்கு 50 மில்லி தண்ணீர். இ20 இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். வென்ட் வழியே வரும் காற்றீரம் மட்டுமே அந்த அளவை எட்டுவது அரிது. பெரும்பாலும் டேங்க் மூடியின் வாஷர் காய்ந்து மழைநீரோ, வண்டி கழுவிய தண்ணீரோ இறங்கியிருக்கும். முதலில் அந்த வாஷரை மாற்றுங்கள்.

எத்தனால் கரைப்பான் என்பதால், வருடக்கணக்கில் டேங்க்கிலும் குழாயிலும் ஒட்டியிருந்த பழைய கறையை முதல் இரண்டு மூன்று நிரப்பலில் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பிவைக்கும். இ20க்கு மாறிய புதிதில் அடைப்பு கூடுவது இதனால்தான். பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் இதில் ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எப்போதாவது ஓடும் வண்டியில் ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால் தினம் ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் போகும். ஹோஸ் வாங்கும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள், உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர். மீட்டர் கணக்கில் விற்கும் பெயரில்லாத கறுப்புக் குழாய் வேண்டாம்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு முன் சோதியுங்கள். 100 மில்லி அளவுக் குழாயில் முதலில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, இடையில் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு 10லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28ஐ ஒட்டி ஏறியிருந்தால் அது இ20. 100 ஆக்டேன் பெட்ரோலைச் சிலர் இந்த வண்டிகளுக்குப் போடுகிறார்கள். பத்மினியின் தாழ்ந்த கம்ப்ரஷனுக்கு அந்த ஆக்டேன் துளியும் தேவையில்லை. சோதனையில் எத்தனால் இல்லை என்று தெரிந்தால், நீண்ட ஓய்வுக்கு முன் கடைசி நிரப்பலுக்கு மட்டும் அந்த விலையைக் கொடுக்கலாம்.

சுத்தம் செய்வது

தேவையானவை: கார்புரேட்டர் கேஸ்கெட் செட், ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், நீடில் வால்வும் அதன் வாஷரும், ஒரு டின் கார்புரேட்டர் கிளீனர், மெல்லிய நைலான் இழை, காற்று அடிக்கும் வசதி, கண்ணுக்குக் கண்ணாடி. நம்மூரில் ஓடும் சோலெக்ஸ்களில் பெரும்பாலானவை சென்னை பாடியில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் தயாரித்தவை. செட் வாங்கும்போது உடலில் உள்ள எண்ணைப் படித்துக்கொண்டு போவது நல்லது, ஒரே பெயரில் சின்னச் சின்ன மாற்றங்களோடு வந்திருக்கின்றன.

முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், இறுக்கக் கூடாது, நுனி வளைந்துவிடும். ரப்பர் டயாஃப்ரம், ப்ளோட், கேஸ்கெட் எல்லாவற்றையும் எடுத்தபிறகே கிளீனர் அடிக்க வேண்டும். அதிலிருக்கும் அசிட்டோனும் டொலுயினும் டயாஃப்ரத்தைச் சீக்கிரமே கெடுத்துவிடும். ஜெட்களைக் கழற்ற, கீறலின் அகலத்துக்குச் சரியான ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதைப் போட்டுத் திருகினால் பித்தளை வழுக்கி, பிறகு அந்த ஜெட்டை எடுப்பது தனி வேலை.

ஜெட்டைக் கிளீனரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, வழக்கமாகப் பெட்ரோல் போகும் திசைக்கு எதிர்த் திசையில் காற்று அடியுங்கள், 2, 3 பார் போதும். போகாவிட்டால் திரும்ப ஊறவையுங்கள். ஊக்கு, ஊசி, இரும்புக் கம்பி உள்ளே போகவே கூடாது. 50ஆம் நம்பர் துளை கீறிப் பெரிதாகி 55 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஐடிலில் கறுப்புப் புகையை ட்யூனிங்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பழைய வண்டிகளில் ஏற்கெனவே யாரோ குத்தியிருப்பார்கள். சந்தேகமிருந்தால் புது ஜெட் போடுங்கள், விலை பெரிதல்ல.

பலரும் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு உடலில் இருக்கும் பாதையை மறந்துவிடுகிறார்கள். ஸ்லோ ஜெட் உட்காரும் குழியில் கிளீனரின் மெல்லிய குழாயை அழுத்திப் பிடித்து அடித்தால், திராட்டில் தட்டின் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) விளிம்பருகே உள்ள பொடித் துளைகளிலும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ துளையிலும் தாரையாக வர வேண்டும். ஒவ்வொன்றாக விரலால் மூடி மற்றதில் வேகம் கூடுகிறதா என்று பாருங்கள். ஒரு துளையில் சொட்டாக மட்டும் கசிந்தால் உள்ளே பிசின் இன்னும் இருக்கிறது. ஐடில் சரியாக நின்றும் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் ஒரு கணம் மூச்சுமுட்டுகிறது என்றால், பெரும்பாலும் அடைத்திருப்பது அந்த விளிம்புத் துளைகளில் ஒன்று.

இந்த சோலெக்ஸில் சோக் என்பது தட்டு அல்ல, பக்கவாட்டில் இருக்கும் தனி ஸ்டார்ட்டர். துளைகள் உள்ள வட்டத் தகடு ஒன்று கேபிளால் சுழலும். பிசின் பிடித்தால் தகடு இறுகும், கேபிளைப் பலமாக இழுத்தால் லீவர் வளையும். அதைத் திறந்து தகட்டின் முகத்தைத் துணியால் துடைக்க வேண்டும், எமரி போடக் கூடாது. ஸ்டார்ட்டர் ஜெட்டையும் இதோடு எடுத்து ஊதுங்கள். சோக் இழுத்தும் பிடிக்காத வண்டிகளில் இது அடைத்திருப்பது சர்வ சாதாரணம், ஆனால் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

வெள்ளைப் பொடிக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. புளி, எலுமிச்சை, வினிகர், காஸ்டிக் எதுவும் வேண்டாம். துத்தநாகத்தை அமிலமும் தின்னும், காரமும் தின்னும். கழுவியதும் உடனே காற்றடித்து, வெயிலில் முழுக்க உலர்த்துங்கள். ப்ளோட் பித்தளை என்றால் கொதிக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழான தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை.

நீடில் வால்வைப் புதிதாகப் போடும்போது பழைய வாஷரின் தடிமனையே வையுங்கள். தடித்த வாஷர் போட்டால் வால்வு சீக்கிரம் மூடி மட்டம் இறங்கும், மெல்லியது போட்டால் ஏறும்.

எல்லாம் மாட்டி எஞ்சின் சூடானபிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பித்து, ஐடில் மிருதுவாகும் இடம் வரை கால் சுற்றாகத் திருகுங்கள். இ20இல் வண்டி இன்னும் வேகத்தில் பெட்ரோல் போதாமல் காய்ந்து ஓடுவதாகத் தோன்றினால் மட்டும் மெயின் ஜெட்டைப் பற்றி யோசிக்கலாம். வெறும் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், இ20க்கு 13.5 பங்குதான், அதாவது 9 சதவீதம் அளவுக்கு எரிபொருள் கூடுதலாகத் தேவை. 125 இருக்கும் இடத்தில் 130 போட்டால் பரப்பு 8 சதவீதம் கூடும், ஏறக்குறைய அதே அளவு. அடைத்த ஜெட்டோடு இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் பிறகு சுத்தம் செய்ததும் பெட்ரோல் குடிக்கிறது என்று புகார் சொல்வார்கள். வரிசை முக்கியம்.

நிறுத்தும் முறை

இங்கே பாதி வழி என்று ஒன்று இல்லை. சேம்பரில் பெட்ரோல் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அடியோடு காலியாக இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது 20 கி.மீ.க்குக் குறையாமல், அரைமணிக்கு மேல் ஓட்ட முடிகிறவர்களுக்குக் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றரை, இரண்டு லிட்டர் பாய்ந்து போகும்போது படலம் கட்ட நேரமில்லை. டேங்க்கில் எப்போதும் இரண்டு மாதத்தில் தீரும் அளவே பெட்ரோல் வையுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் சேம்பரை வற்றவிடுங்கள். இதற்கு பம்புக்கு முன் பெட்ரோலை மூடித் திறக்கும் ஒரு சின்னப் பித்தளை டேப் பொருத்திவிட்டால் வேலை சுலபம். ஷெட்டுக்கு வந்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே டேப்பை மூடி, வேகமான ஐடிலில் ஓடவிடுங்கள். தடுமாற ஆரம்பித்ததும் சோக்கை இழுத்தால் ஸ்டார்ட்டர் பாதையில் இருப்பதும் எரிந்து தீரும். அணைந்தபிறகு முடிந்துவிட்டதாக நினைத்துப் பானெட்டை மூடக் கூடாது. ஜெட் துளைக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தங்கும், அந்த அடிமண்டிதான் இருப்பதிலேயே கனமானது, முதலில் பிசினாவது அதுதான். எஞ்சின் ஆறியபிறகு சேம்பரின் அடிப்பக்கத்தில் வெளியிலிருந்தே தெரியும் மெயின் ஜெட் ஹோல்டரைக் கழற்றி, கீழே கண்ணாடி டம்ளர் பிடியுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும், அவசரம் வேண்டாம். வடிந்ததைப் பார்த்தால் வண்டியின் உடல்நிலை தெரியும். அடியில் முத்துமுத்தாக உருளுவது தண்ணீர், காவித் தூள் டேங்க் துரு. ஹோல்டரின் வாஷரைச் சரிபார்த்துத் திரும்ப மாட்டுங்கள், வாஷர் இல்லாமல் மாட்டினால் அடுத்த ஸ்டார்ட்டில் அங்கேயே ஒழுகும்.

வறண்ட சேம்பரில் ஒரு குறை உண்டு. ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரமும் மூடி கேஸ்கெட்டும் காய்ந்து சுருங்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் நின்ற வண்டியில் இவற்றை மாற்றிவிட்டே எடுக்கத் தயாராக இருங்கள். அடைத்த பாதைகளைத் திறப்பதைவிட டயாஃப்ரம் மாற்றுவது எளிது, மலிவும்கூட.

டேங்க் விஷயத்தில் மூன்று நான்கு மாத ஓய்வு என்றால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பி ஸ்டெபிலைசர் கலப்பது சரி. காற்றிடம் குறைந்தால் ஆக்சிஜனும் ஈரமும் குறையும், இரும்பு டேங்க்கின் மேல்பகுதி துருப்பிடிப்பதும் குறையும். அதற்கு மேல் நிற்கும் என்றால் வடித்துக் காலியாக்கிவிடுங்கள், ஒரு வருடப் பழைய முழு டேங்க் யாருக்கும் வேண்டாம். ஸ்டெபிலைசரில் இருப்பது ஆக்சிஜனேற்றத்தைத் தாமதிக்கும் பொருளும் உலோகத்தின் தூண்டுதலை அடக்கும் பொருளும். அது புதுப் பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும், கெட்டதைத் திருத்தாது. அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும். உதாரணமாகச் சிவப்பு ஸ்டா-பில் 9.5 லிட்டருக்கு 30 மில்லி. சிரிஞ்சில் அளந்து முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் போட்டால் தானாகக் கலக்கும். கலந்தபிறகு பத்து நிமிடம் ஓட்டினால்தான் குழாய்க்கும் பம்புக்கும் வந்துசேரும். கலந்த பெட்ரோல் என்றாலும் சேம்பரை வடிப்பதை விடக் கூடாது. சேம்பரில் லேசானவை பறந்துபோவதை எந்த மருந்தும் நிறுத்தாது.

திரும்ப எடுக்கும்போது

வறண்ட சேம்பரை நிரப்ப செல்ஃப் மோட்டாரை வேலை வாங்காதீர்கள். டேப்பைத் திறந்து, பம்ப்பின் பக்கத்தில் இருக்கும் கைப்பிடி லீவரை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆரம்பத்திலேயே அழுத்தம் தெரியவில்லை என்றால் கேமின் மேடு பம்ப் ஆர்மைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அழுத்தம் தெரிந்துகொண்டிருந்த லீவர் பிறகு தளர்ந்து சும்மா ஆடினால் சேம்பர் நிரம்பி நீடில் மூடியிருக்கிறது என்று பொருள். லீவர் இல்லாத பம்ப் என்றால் சேம்பர் வென்ட் வழியே சிரிஞ்சில் 40 மில்லி புதுப் பெட்ரோல் விடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு நிமிடம் காத்திருந்து மூடி ஓரம், ஹோல்டர், ஹோஸ் கிளிப் மூன்றிலும் விரல் வைத்துப் பாருங்கள். வென்ட்டிலிருந்து வழிந்தால் நீடில் ஒட்டியிருக்கிறது. மூடியின் மேல் நீடில் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். விடாவிட்டால் கழற்றத்தான் வேண்டும், "ஓட ஓடச் சரியாகும்" என்று எடுக்காதீர்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்து மட்டமும் ஏறியிருந்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

வடித்த பழைய பெட்ரோலில் வெறும் வாசனை மட்டும் மங்கியிருந்தால் பத்து லிட்டர் புதுசுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் தினம் ஓடும் பழைய கார்புரேட்டர் வண்டியில் கலந்து எரித்துவிடலாம், ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் வேண்டாம். பெயிண்ட் கடை வாடையோ புளிப்பு வாடையோ வந்தாலும், நிறம் தேநீராக இருந்தாலும், அடியில் தனி அடுக்கு நின்றாலும் எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள இரும்பு கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுப்பவர்களில் பெட்ரோலும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். சாக்கடையில் விட்டால் ஆவி குழாய் வழியே பக்கத்து வீட்டுக் குளியலறை வரை போகும்.